பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம்

“...மூச்சு மட்டுந்தாங்க கேட்டுச்சு, வேற ஒண்ணும் கேக்கல. அதனால பரவாயில்ல தம்பி. மொதல்ல ஒக்காருங்க. அந்த மைக்கை இப்படிக் குடுங்க.”

ரேடியோ கோபுரத்தின் மேல் மாடத்தில், சரியில்லாத காலோடு அத்தனை படியும் ஏறி வந்து நின்று அவர் என்னிடம் சொன்னது இது. சொல்லிவிட்டு அடுத்து அவர் செய்தாரே ஒரு காரியம், அதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதவன், எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டுகிறவன் என்று ஊரில் பேரெடுத்தவன் நான். அந்த ஒன்றை மட்டும் கொட்டவில்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று முதலில் சொன்னால்தான் நான் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்குப் புரியும்.

அவர் பேரை எழுதக் கை வரவில்லை. டவர்காரர் என்றுதான் தென்னூரில் எல்லாரும் கூப்பிட்டார்கள், அதுவே இருக்கட்டும்.

அந்தக் கோபுரத்தின் கதையே ஒரு வேடிக்கை. யுத்த காலத்தில் எதிரி விமானம் வருகிறதா என்று பார்ப்பதற்காகச் செங்கல் வைத்துக் கட்ட ஆரம்பித்தார்களாம். விமானமும் வரவில்லை, பாதிக் கோபுரத்துக்கு மேல் கட்டடமும் வரவில்லை. சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, பக்கத்து வியாபாரிகள் சேர்ந்து பூங்காக் குழு என்று ஒன்று வைத்து மீதியைக் கட்டி முடித்து, சுற்றிலும் பூங்கா போட்டார்கள். கீழே ஓர் அறை, அதில் ஆளுயரத்துக்கு ஒரு ரேடியோ. உச்சியில் திசைக்கொன்றாக நாலு ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்குக் கீழே சுற்றிவர ஒரு மாடம், அங்கே ஏதோ ஜமீன் வீட்டு ஏலத்தில் எடுத்த பித்தளைத் தூரக் கண்ணாடி. சாயங்காலம் நாலு மணிக்குமேல் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். வடக்கே பார்த்தால் மலைக்கோட்டை, அதற்கும் பின்னால் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம். ஆறு மணிக்கு நியூஸ் ஆரம்பித்தால் பூங்காப் புல்தரையில் உட்கார இடம் இருக்காது. சந்தைக்கு வந்த திருவெள்ளறைக்காரர்கள் வெங்காய மூட்டையை இறக்கிவைத்து, நெல் விலை சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் வண்டி பூட்டுவார்கள்.

பூங்கா வாசலில் என் சோடாக் கடை. கோலி சோடா, பன்னீர் சோடா, இஞ்சி சோடா. நான் படித்தது நாலாம் வகுப்பு. மிச்சத் தமிழைச் சொல்லிக்கொடுத்தது அந்த நாலு ஸ்பீக்கர்தான். தினம் நியூஸ் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு வாக்கியத்தை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்தேன்? கதையளந்தேன். யார் என்ன சொன்னாலும் அதைக் கண்ணும் மூக்கும் வைத்துத் திருப்பிச் சொல்வேன். சோடா குடிக்க வந்தவர்கள் என் பேச்சுக்காக இன்னொரு சோடா குடித்தார்கள்.

டவர்காரர் இதற்கு நேர் மாறு. முன்பு அவருக்கு ரயில்வேயில் வேலை. சிக்னல் கேபினில் இருந்தவர். அந்தப் பழக்கம் கோபுரத்துக்கு வந்தும் போகவில்லை. பூங்கா மைக்கில் பொதுமக்கள் அறிவிப்பும் செய்யலாம் என்று குழு சொல்லியிருந்தது. காணாமல்போன பிள்ளை, தொலைந்த சாவி, நாளைக்குத் தண்ணீர் வராது, இப்படி. யார் வந்து என்ன சொன்னாலும் அவர் உடனே மைக்கைத் தொடமாட்டார். நீளமான ஒரு நோட்டை எடுத்து விரிப்பார். பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘கேட்டது’. வந்தவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். பிறகு ஒரே கேள்வி: “பாத்தீங்களா, கேட்டீங்களா?” இடது பக்கத்தில் விழுந்ததைத்தான் மைக்கில் சொல்வார். கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்.

ஒரு தடவை எருமை தொலைந்த ஆள் ஒருவர் ஓடி வந்தார்.

“எருமை காணாமப் போச்சுங்க. மைக்ல சொல்லணும்.”

“காணாமப் போனதைப் பாத்தீங்களா, கேட்டீங்களா?”

“ஏங்க, காணாமப் போறதை எப்படிங்க பாக்கறது?”

“கட்டுத்தறி காலியா இருக்கறதைப் பாத்தீங்களான்னு கேக்கறேன்.”

“இல்லீங்க. எந்தம்பி வந்து சொன்னான்.”

“அப்ப போய்ப் பாத்துட்டு வாங்க.”

அந்த ஆள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். “எருமை வீட்லதாங்க நிக்குது.”

“பாத்தீங்களா?”

“பாத்தேங்க! முட்டவே வந்துச்சு!”

டவர்காரர் சிரிக்கவில்லை. ‘எருமை வீட்டில் உள்ளது’ என்று இடது பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்தக் கதையை மட்டும் நான் எத்தனை சோடாவுக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

ஆனால் சிரிக்க முடியாத ஒரு நாளும் வந்தது. ஆடியில் காவேரி கரைக்குமேல் ஏறி வந்த சமயம். ஸ்ரீரங்கம் பாலம் போய்விட்டது, ஒரு பஸ்ஸும் அதோடு போய்விட்டது என்று ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டே போனான். பூங்காவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அக்கரையில் பெண் கொடுத்தவர்கள், அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போன பெரியவர்களைத் தேடுகிறவர்கள், எல்லாரும் அவர் அறைக் கதவைத் தட்டினார்கள். “சொல்லுய்யா மைக்ல! ஜனங்க அந்தப் பக்கம் போவாம இருப்பாங்கல்ல!” அவர் மேலே ஏறிப் பார்த்தார். மழை மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறங்கி வந்து அறையைப் பூட்டினார். என் சைக்கிளைக் கேட்டு வாங்கினார். நல்ல காலால் மிதித்து மிதித்துப் போனவர் திரும்பி வரும்போது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மைக்கில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “பாலம் இருக்கிறது. நான் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தேன். தண்ணீர் பாலத்துக்குக் கீழே ஓடுகிறது. பஸ் எதுவும் விழவில்லை.” பூங்காவில் ஒரு பெண் பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கு அவருக்கு இஞ்சி சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். “ஏண்ணே, ஊரே சொல்லுது. ஒரு வார்த்தை சொல்லிட்டாத்தான் என்ன?”

“கேபின்ல இருந்தப்ப ஒரே ஒரு தடவை, கேட்டதைப் பாத்ததா எழுதிட்டேன் தம்பி” என்றார். அவ்வளவுதான். என்ன ஆயிற்று, யாருக்கு ஆயிற்று, காலில் அந்த அடி எப்போது பட்டது, எதுவும் சொல்லவில்லை. நானும் அதோடு விடவில்லை, நாலைந்து விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாடத்தில் தூரக் கண்ணாடி பார்க்க வருகிறவர்களுக்கும் அவரிடம் ஒரு பேச்சு உண்டு. “மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் இதுல அடுத்தடுத்த வீடாத் தெரியும். நடுவுல ஒரு காவேரி ஓடுது. அதை எறங்கிப் போயித்தான் தெரிஞ்சுக்கணும்.” என்ன அழகான பேச்சு! முதல் தடவை கேட்டதுமே பத்திரப்படுத்திக்கொண்டேன். கடையில் வைத்து அவர் குரலிலேயே, அவர் காலை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே சொல்லிக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். சோடா பாட்டில் கழுத்துக்குள் உருளும் கோலி மாதிரி அந்தப் பேச்சு எனக்குள் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

இறங்கவில்லை என்பது ஒரு பங்குனி மாத மத்தியானம் தெரிந்தது. மாடம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. அவருக்குச் சோடா எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தேன். கீழே ரேடியோவில் ஏதோ கரகரப்பு என்று அவர் இறங்கிப் போனார். நான் சும்மா கண்ணாடியில் கண்ணை வைத்தேன்.

பூங்காவுக்குப் பின் சந்தில் ஒரு தையல்காரர் குடியிருந்தார். மாஸ்டர் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், எனக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தவர். அவர் மகள் பத்தாவது தேறி, டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் கிடைத்து, பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு மொட்டை மாடிதான் கண்ணாடியில் விழுந்தது. மாம்பழக் கலர் தாவணியில் அந்தப் பெண். பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், ஒரு வாலிபன். அவள் இரண்டு கையையும் தூக்கி ஒரு கயிற்றைப் பிடித்திருக்கிறாள். அவனும் இரண்டு கையையும் தூக்கி அதே கயிற்றைப் பிடித்திருக்கிறான். இருவரும் சிரிப்பது மாதிரி இருந்தது. இதுதான் நான் பார்த்தது.

கடைக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அதுதான் நிஜம், அதுதான் கேவலமும். ஒரு நல்ல கதை கிடைத்தது, சொன்னேன். பேர் சொல்லவில்லை. “நம்ம சந்துல ஒரு மாடி, ஒரு மாம்பழத் தாவணி” என்று ஆரம்பித்து, கயிற்றை இந்தப் பக்கம் அவள் இழுப்பதும் அந்தப் பக்கம் அவன் இழுப்பதுமாக நடித்தே காட்டினேன். ஏழெட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சந்தில் மாம்பழக் கலரில் தாவணி ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்.

சாயங்காலம் நியூஸ் முடிவதற்குள் மாஸ்டர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் அவர் வீட்டுத் தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டாராம். டிரெய்னிங் இல்லை, திருவெள்ளறையில் தாரம் இழந்த உறவுக்காரருக்கு அவளைக் கொடுப்பதாகச் சொல்லி ஆள் அனுப்பப் போகிறாராம். அந்தப் பெண் ஒரே ஒரு தடவைதான் சொன்னாளாம், “நான் துணிதாம்ப்பா காயப்போட்டேன்” என்று.

டவர்காரர் நோட்டோடு கடைக்கு வந்தார். மற்றவர்களுக்குச் செய்வது போலவே செய்தார்.

“பாத்தீங்களா, கேட்டீங்களா தம்பி?”

“பாத்தேண்ணே. இந்தக் கண்ணால பாத்தேன்.” எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

“திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க.” சொன்னார். தாவணி, வாலிபன், கயிறு, தூக்கிய கைகள். என் நடிப்பையும் சிரிப்பையும் எடுத்துவிட்டால் அது எவ்வளவு சின்னதாக இருந்தது! இடது பக்கத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். நோட்டை மூடிக்கொண்டு மேலே ஏறிப்போனார். பிறகு இறங்கி, காலை இழுத்துக்கொண்டு சந்துப் பக்கம் போவதைப் பார்த்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தார். வேர்த்துப் போயிருந்தது.

“தம்பி, மாஸ்டர் மாடிக்கும் அந்தப் பையன் மாடிக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு, ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கு, அதுக்கப்புறம் இன்னொரு சந்து இருக்கு. அந்தப் பையன் புதுசா ரேடியோ வாங்கியிருக்கான். ஏரியல் கம்பி கட்டிக்கிட்டு இருந்திருக்கான், அவன் மாடியில. இந்தப் பொண்ணு கொடியில பொடவை போட்டுக்கிட்டு இருந்திருக்கு, அது மாடியில. முன்னால இருக்கற கைப்பிடிச் சுவரு பின்னால உள்ள சந்தை மறைச்சுரும். கண்ணாடி ரெண்டு மாடியையும் ஒண்ணா ஒட்டிக் காட்டிரும்.”

“அப்ப நான் பாத்தது பொய்யாண்ணே?”

“பொய்யில்ல. பாதி பாத்தீங்க. மீதியை நடந்து பாக்கல.” குரலில் கோபமே இல்லை. “வாங்க, மாஸ்டர்கிட்டப் போய்ச் சொல்லிருவோம்.”

“நாளைக்கு வரேண்ணே. கடையில ஆள் இல்ல.”

கடையில் நான் இல்லாவிட்டால் என்ன, ஒரு மணி நேரம் தாகத்தில் யாரும் செத்துவிடப் போவதில்லை. மாஸ்டர் முகத்தைப் பார்க்கப் பயம். அவர் தனியாகவே போனார். மாஸ்டர் அவரை வாசலில் நிற்கவைத்தே பேசினாராம். “நீங்க சொல்லி என்னங்க ஆகப்போவுது? ஊரே கேட்டுச் சிரிச்சாச்சு. பாத்தவன் வாயால, ஊருக்கே கேக்கற மாதிரி வரட்டும். அப்ப எம்பொண்ணைப் பஸ் ஏத்தறேன். வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் திருவெள்ளறைக்கு ஆள் போயிரும்.”

டவர்காரர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வியாழக்கிழமை நாலு மணிக்கு மாஸ்டர் தன் மாடியில் நிற்கட்டும். டவர்காரர் அந்தப் பையன் வீட்டு மாடியில் நிற்பார். இருவர் கையிலும் வெள்ளைத் துண்டு, அதைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நான் மேலே கண்ணாடியில் பார்க்கவேண்டும். கீழேயிருந்து நீளமான ஒயர் போட்டு மைக்கை மாடத்துக்கே கொண்டுவந்து வைப்பார். பார்த்ததை அப்படியே சொல்லவேண்டும். “ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரித் தெரியுது. அன்னிக்கும் இப்படித்தான் தெரிஞ்சுச்சு. ஏமாந்துட்டேன். இவ்வளவுதான் தம்பி. மூணு வாக்கியம்.”

மூன்று வாக்கியம். வாக்கியத்தை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று அந்த ஸ்பீக்கரிடமே படித்தவன் நான்.

வியாழக்கிழமை சந்து முழுக்க ஜனம். பூங்காவிலும் ஜனம். படி ஏறப் போகும்போது கடை முன்னால் என் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். “என்ன சோடா, ரேடியோவுலயே பேசப் போறியா? எறங்கி வரும்போது ஒரு புதுக் கதையோட வரணும், ஆமா!” என்றான் ஒருவன். இன்னொருவன் அன்றைக்கு நான் நடித்துக் காட்டியது போலவே கயிறு இழுத்துக் காட்டினான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேலே போய்க் கண்ணை வைத்தேன். மாஸ்டரும் டவர்காரரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். இருவர் துண்டும் ஒரே துண்டு மாதிரி தெரிந்தது. மைக்கில் பொத்தானை அழுத்தினேன். என் தலைக்குமேல் நாலு ஸ்பீக்கரும் உயிர் வந்து ‘ம்ம்ம்’ என்றன. கீழே எல்லா முகமும் அண்ணாந்தன. என் ஆட்களின் முகங்களும்.

ஏமாந்துட்டேன் என்கிற அந்த ஒரு சொல். அதைச் சொன்னால் நாளையிலிருந்து நான் எந்தக் கதை சொன்னாலும் “பாத்தியா, கேட்டியா?” என்று கேட்பார்கள், சிரிப்பார்கள், என் கதைக்கல்ல, என்னைப் பார்த்து. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று எத்தனையோ வருஷம் தேடிப் பார்த்தேன். இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு பக்கம், என் கடைப் பேச்சு ஒரு பக்கம். வாய் திறந்தது, குரல் வரவில்லை. பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை. தென்னூர் முழுக்க என் மூச்சு கேட்டது. உஸ்... உஸ்... என்று, நாலு திசைக்கும்.

கண்ணாடியில் மாஸ்டர் மெதுவாகத் துண்டை இறக்கினார். அதை மடித்தார், தையல்காரர் அல்லவா, ஓரம் பார்த்து மடித்தார். தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினார். டவர்காரர் மட்டும் இன்னும் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே நின்றார். பிறகு அவரும் கண்ணாடியில் இல்லை.

இதற்குப் பிறகு வந்த வருஷங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் திருவெள்ளறைக்குப் போகவில்லை. மறு வாரமே டிரெய்னிங் போனாள், ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். ஆனால் சந்துக்காரர்கள் பூங்காக் குழுவிடம் போய், மேலேயிருந்து வீட்டுப் பெண்களைப் பார்க்கிறான் என்று டவர்காரர் மேல் மனுக் கொடுத்தார்கள். மாடத்தைப் பூட்டினார்கள். தூரக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். படியில் விரிசல் விட்டதால் மூடினார்கள் என்று இப்போது சொல்கிறார்களே, அது கதை. அவரைச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலையில் போட்டார்கள். ரேடியோ அறைக்கு வேறு ஆள் வந்தான், அவனிடம் நோட்டு இல்லை. கொஞ்ச வருஷத்தில் கைக்குக் கை டிரான்ஸிஸ்டர் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் குருவி கூடு கட்டியது.

எனக்கு? ஒன்றும் ஆகவில்லை. கடை நன்றாக ஓடியது.

அவர் தினமும் சாயங்காலம் வந்து ஒரு இஞ்சி சோடா குடிப்பார். அந்த விஷயத்தை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. “மழை வருமாண்ணே?” என்று கேட்டால், “வந்தாப் பாக்கலாம்” என்பார். அந்தக் காலை இழுத்து நடப்பதை அதற்கப்புறம் நான் யாருக்கும் நடித்துக் காட்டியதில்லை. அது ஒரு பெரிய விஷயமா?

ஒருநாள் அந்தப் பெண், அதற்குள் டீச்சரம்மா, கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்தாள். கூட வேலை பார்க்கிற வாத்தியாரோடு கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டிவிட்டுச் சொன்னாள்:

“அண்ணே, அன்னிக்கு மைக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாம நின்னீங்களே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு பொண்ணு பேரு ஊர் முழுக்க அடிபடக் கூடாதுன்னுதானே? அவசியம் கல்யாணத்துக்கு வரணும்.”

பத்தடி தள்ளி டவர்காரர் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவள் குரல் அவருக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. போகும்போது அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள். அவர் ரப்பர் குழாயை அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “இல்லம்மா” என்று ஒரு சொல். பன்னீர் சோடா ஒன்றை உடைத்து “குடிச்சுட்டுப் போம்மா” என்றுதான் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கும் போனேன். பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

அப்புறம் ஒருநாள் அவர் சோடாவுக்கு வரவில்லை. லால்குடிப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அது கேட்டது, நான் பார்த்ததில்லை. அந்த டீச்சரம்மா இப்போது இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. இருந்து, இதைப் படித்தால், தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்க வேண்டியது யாரைப் பார்த்து என்று இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

மாடத்துக்கு வருகிறேன். படியில் அவர் கால் ஓசை கேட்டது, ஒன்று பலமாக, ஒன்று இழுத்து. வந்தார். கையில் நோட்டு. முகமெல்லாம் வேர்வை. என் விரல் இன்னும் பொத்தானில்தான் இருந்தது, அதைத் தானே மெதுவாக விலக்கினார். மூச்சு மட்டுந்தான் கேட்டது, பரவாயில்லை என்றார். உட்காரச் சொன்னார். மைக்கைக் கேட்டார். கொடுத்தேன்.

சுவரில் சாய்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். பாலம் இருக்கிறது என்று சொன்ன அதே குரல்.

“அறிவிப்பு. சென்ற வாரம் இந்தத் தூரக் கண்ணாடியில் பார்த்தது நான். இரண்டு வீட்டு மாடியை ஒரு மாடி என்று தவறாக நினைத்ததும் நான். சோடாக் கடைக்காரர் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அவர் சொன்னார். பார்த்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ளப் பயந்து இத்தனை நாள் அவர் மேல் போட்டேன். அந்தப் பெண் மேல் ஒரு தவறும் இல்லை. பார்த்தவன் வாயால் சொல்கிறேன்.”

கீழே என் ஆட்களில் ஒருவன் சிரித்தது மேலே வரைக்கும் கேட்டது. “நெனச்சேன்! நம்ம சோடா கேட்டதையே பாத்தேன்னு அடிப்பான்!” எவனோ கோபுரத்தைப் பார்த்துக் கல் ஒன்றை விட்டெறிந்தான். அது செங்கல்லில் பட்டு விழுந்தது.

அவர் மைக்கைக் கீழே வைத்தார். நோட்டை மடியில் விரித்து என் கையெழுத்து இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தார். இடது பக்கத்தில் என் பேரை அளவுகோல் வைத்த மாதிரி நேராக ஒரே கோட்டில் அடித்தார். அந்த இடத்தில் தன் பேரை எழுதினார். வலது பக்கத்தில், கேட்டது என்பதற்குக் கீழே, என் பேரை எழுதினார். ஊதி மை காயவைத்தார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைச் சுண்டுவிரலால் காட்டி, பேனாவை நீட்டினார்.